பதினான்கு வெற்றுத் தாள்கள்

வக்கீல் சங்கமித்ராவைப் பற்றி யாராவது கேட்டால், "நல்லவங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. அந்த அம்மாவை நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அவர்கள் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய, மிச்சமெல்லாம் ஹைகோர்ட்டு வராந்தாவில் கறுப்பு அங்கியை ஆட்டிக்கொண்டு நடக்கிற சில பெரிய மனிதர்கள் மேல்.

என் பெயர் ஜாபர். கல்மண்டபத்தில் வீடு. தொழில் வக்கீல் குமாஸ்தா. டைப் அடிப்பது, வழக்கைத் தாக்கல் செய்வது, கேஸ் கட்டுகளைச் சுமப்பது, இன்றைக்கு நம் வழக்கு எந்த நீதிபதி முன்னால் எத்தனையாவதாக வருகிறது என்று பார்த்து வக்கீலுக்குச் சொல்வது. 1999-ல் காலடிப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு மேல் மேடம் ஆபீஸ் திறந்தபோது வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் அங்கே குமாஸ்தா கிடையாது, எனக்குப் பின்னாலும் எவனும் வர மாட்டான். அந்த வாயைத் தாங்க ஆள் வேண்டுமே.

மேடம் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா சுப்பராயன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டில் புத்தர் படம் மாட்டி, மகளுக்கு அசோகச் சக்கரவர்த்தியின் மகள் பெயரை வைத்தவர். இருபத்தெட்டு வருடம் கந்தகமும் நிலக்கரியும் இறக்கினார். சட்டையைத் துவைத்தால் தண்ணீர் கறுப்பாக ஓடுமாம். கடைசியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். நஷ்டஈடு கேட்டுப் போனபோது எதிரில் உட்கார்ந்திருந்த ஆள் காகிதத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "பீடி பிடிச்சிருப்பாரும்மா" என்றானாம். அந்த மனுஷன் வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. அப்போது மேடம் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். காற்று, தண்ணீர், புகை என்று யாரும் சீந்தாத சட்டமாகத் தேடிப் பிடித்துப் படித்தது அதற்குப் பிறகுதான்.

படித்தால் மட்டும் அடுப்பு எரியுமா? திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன், ஐஸ் பேக்டரிக்காரன், பேட்டரி உருக்குகிறவன் ஆகியோருக்கு மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி வாங்கித் தருவதுதான் ஆபீசின் அன்றாடச் சோறு. அதிலும் மேடம் சும்மா இருக்க மாட்டார்கள். "உன் பட்டறைத் தண்ணிய எங்க வுடுறே? மொதல்ல அத்தக் காட்டு, அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்று கட்சிக்காரனையே குறுக்கு விசாரணை செய்வார்கள். பாதிப் பேர் அடுத்த வக்கீலைத் தேடிப் போய்விடுவார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

2005-ஆம் வருடக் கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு சிலுவையம்மாள் மாடியேறி வந்தாள். எண்ணூர் விரைவுச் சாலையோரக் குப்பத்தில் கருவாடு காய வைப்பவள். ஐம்பதைத் தாண்டிய வயது. நாற்காலியில் உட்காரச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், முந்தானையில் முடிந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை மேடத்தின் மேசைமேல், நான் டைப் அடித்த காகிதங்கள்மேலேயே கொட்டினாள்.

"வக்கீலம்மா, படிச்ச பொண்ணாட்டம் கீறே. இத்தப் பார்த்து சொல்லு. இது உமியா?"

கருவாடு முழுக்கக் கறுப்புத் தூள். மேடம் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள். பிறகு விரலைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உமிச் சாம்பல் வெளுப்பா, லேசா இருக்கும். இது கரி. இத்த எங்கப்பா சட்டையில தெனமும் பார்த்துகினு இருந்தவ நானு."

குப்பத்துக்கு மேற்கே புதிதாக ஒரு மின்சார ஆலை வந்திருந்தது. நெல் உமியை எரித்து மின்சாரம் எடுப்பதாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள். ஊரில் அதற்கு உமிக்கம்பெனி என்றே பெயர். வாசலில் பச்சைப் பசேல் என்று இலை வரைந்த பலகை. தார்ப்பாய் போட்ட லாரிகள் வரும். மேலே நாலு விரற்கடை உமி, கீழே முழுக்க நிலக்கரி. இந்தப் பித்தலாட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சுத்தமான எரிபொருளால் இவ்வளவு புகையைக் குறைத்தோம் என்று கணக்குக் காட்டினால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்கலாம். அந்தச் சான்றிதழுக்குச் சுற்றுவட்டார மக்கள் ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வேண்டும், கோர்ட்டில் வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. மேடம் இதை எனக்குச் சொன்னபோது நான் நம்பவில்லை. புகையைக் குறைத்தேன் என்று காகிதத்தில் எழுதி அதை விற்கலாம் என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

"உமி எரிச்சா நான் மாலை போடுவேன் பாய். காத்துல, வெயில்ல, உமியில கரண்ட் எடுக்கறவனுக்கு நானே ஓடி ஓடி லைசென்ஸ் வாங்கித் தருவேன். பச்சைப் பலகைய மாட்டிகினு நிலக்கரி எரிக்கிறான் பாரு, அவனை வுட மாட்டேன்" என்றார்கள்.

சாம்பல் விழுவதோடு போகவில்லை. கருவாட்டுக் களம் புறம்போக்கு மணல். நாலு தலைமுறையாக அங்கேதான் நெத்திலியும் வாளையும் காய்கிறது, ஆனால் யார் பெயரிலும் பட்டா கிடையாது. அந்த இடத்தைச் சாம்பல் கொட்ட வளைத்துக்கொள்ள உமிக்கம்பெனி கேட்டிருந்தது. களம் போனால் பதினான்கு பெண்களுக்கு வேறு பிழைப்பில்லை. பதினான்கு பேரையும் மனுதாரர்களாகப் போட்டு ஹைகோர்ட்டில் ரிட் தாக்கல் செய்தோம். வழக்கு முடியும்வரை களத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கினோம். மேடம் அன்று பாரிமுனையில் எனக்கு பிரியாணி வாங்கித் தந்தார்கள். இத்தனை வருடத்தில் அது ஒன்றுதான்.

இப்போது அந்த வெற்றுத் தாள் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். வெளியாட்களுக்கு இது புரியாது. வக்கீல் ஆபீஸ்களுக்கு நன்றாகவே புரியும், புரியாத மாதிரி நடிப்பார்கள்.

ஒரு வழக்கு என்றால் ஒரு கையெழுத்தோடு போகாது. பதில் மனு, கூடுதல் மனு, அவகாச மனு என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கட்சிக்காரரைக் கூப்பிட வேண்டும். கருவாடு போடுகிற பெண்ணைக் காலையில் கூப்பிட்டால் அன்றைய மீன் போச்சு. மதியம் திருப்பிப் போட ஆள் இல்லாவிட்டால் புழு வைத்துவிடும். அதனால் வக்காலத்தில் ரேகை வாங்குகிற அன்றைக்கே, எதுவும் எழுதாத நீளத் தாளிலும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வோம். பிறகு தேவைப்படும்போது டைப் அடித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஆபீஸ் அத்தனையிலும் இந்த வழக்கம் உண்டு. இரக்கத்தில் வந்த வழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேடமும் அப்படித்தான் நினைத்தார்கள்.

தாளின் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவேன். அதன்மேல் கட்டை விரலை வைக்க வேண்டும். சுனாமி நிவாரணத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டு அந்தப் பெண்கள் தாளைக் கண்டாலே விரலை நீட்டப் பழகியிருந்தார்கள். சிலுவையம்மாள் மட்டும் கேட்டாள்.

"இதுல ஒண்ணுமே எழுதலியே?"

"அப்புறம் எழுதிக்குவோம் சிலுவையம்மா. உனக்கு அலைச்சல் இல்ல" என்று மேடம் சொன்னார்கள்.

"நீ சொன்னா சரி" என்று வைத்தாள். அவளுடைய இடது கட்டை விரலில் அரிவாள்மனை வெட்டிய பழைய தழும்பு ஒன்று குறுக்கே ஓடும். ரேகையிலும் அது வெள்ளைக் கோடாக விழுந்தது.

அடுத்த வருடம் ஆகஸ்டில் வழக்கு இறுதி விசாரணைக்கு நெருங்கியது. உமிக்கம்பெனிக்காக டெல்லியிலிருந்து வக்கீல் வருகிறார் என்றார்கள். நம் பக்கமும் ஒரு சீனியர் நின்றால்தான் எடுபடும் என்று மேடம் முடிவு செய்தார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வாயைக் கொப்புளிக்க வேண்டும். மீனவர்களுக்காக ஃபீஸ் வாங்காமல் வருகிறேன் என்று மேடைகளில் பேசுகிறவர். கேட்டதும் ஒப்புக்கொண்டார். மேடம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

"கட்டைக் கொண்டுபோய் சீனியர் ஆபீஸ்ல குடுத்துட்டு வா பாய்" என்றார்கள். கொடுத்தேன். அங்கிருந்த ஜூனியர் கட்டைப் புரட்டிவிட்டு, "பதில் பிரமாணப் பத்திரம் நாங்களே போட்டுக்கறோம். கட்சிக்காரங்க கையெழுத்துக்கு இன்னா பண்றது?" என்று கேட்டான்.

"எல்லாம் ரெடி சார்" என்று பெருமையாகப் பதினான்கு தாள்களையும் எடுத்து நீட்டினேன். நான்தான் நீட்டினேன். இந்தக் கையால். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

செப்டம்பர் எட்டாம் தேதி வேளாங்கண்ணித் திருவிழா. குப்பத்தில் பாதிப் பேர் கொடியேற்றத்துக்கு முன்பே நடைப்பயணம் கிளம்பிவிட்டார்கள். சிலுவையம்மாளும் போயிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. மேடம் பொன்னேரி கோர்ட்டில் ஒரு பட்டறைக்காரன் வழக்குக்குப் போயிருந்தார்கள். நான் மதியம் ஜும்மா தொழப் பள்ளிவாசலுக்குப் போனேன். பட்டியலில் நம் வழக்கு இல்லை என்று காலையிலேயே பார்த்திருந்தேன். பட்டியலில் இல்லாத வழக்கையும் அவசரம் என்று சொல்லி நீதிபதி முன்னால் எடுக்க முடியும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நம் சீனியரே நமக்கு எதிராக அதைச் செய்வார் என்பதுதான் தெரியாது. மதிய இடைவேளைக்குப் பிறகு கோர்ட்டு மறுபடி கூடிய ஐந்தாவது நிமிடம், மனுதாரர்களுக்கும் ஆலைக்கும் சமாதானமாகிவிட்டது என்று சொல்லி வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார். ஆதாரமாகப் பதினான்கு ஆட்சேபணையின்மைக் கடிதங்களைக் கொடுத்திருந்தார். வழக்கு செத்தது, தடையும் கூடவே செத்தது.

எங்களுக்குத் தெரிந்தது செவ்வாய்க்கிழமை. சிலுவையம்மாள் வந்து சொல்லித்தான் தெரிந்தது. வேளாங்கண்ணியில் மொட்டையடித்த தலை. வெயிலில் நடந்து கறுத்துப்போன முகம். களத்தில் காலையிலேயே ஜேசிபி வந்து முள்வேலிக்குக் கல் நட ஆரம்பித்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஆலை ஆள் அவள் பெயரில் இருந்த ஆட்சேபணையின்மைக் கடிதத்தின் ஜெராக்ஸைக் கையில் திணித்தானாம். அதை மேசைமேல் வைத்தாள். எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் ரேகையின் குறுக்கே ஓடிய வெள்ளைக் கோடு அடையாளம் தெரிந்தது.

"இது யாரு கை?"

மேடம் அதைக் குனிந்து படித்தார்கள்.

"நான் வேளாங்கண்ணிக்கு நடந்துகினு கீறேன். என் கை மட்டும் இங்க வந்து ரேகை வெச்சிட்டுப் போச்சா? சொல்லு. எங்களை இன்னாவுக்கு வித்தே?"

"நான் விக்கல சிலுவையம்மா" என்றார்கள் மேடம். "ஆனா வெத்துத் தாள்ல கை வாங்குனது நான்தான்."

நான் அந்த ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தேன். நான் டைப் அடிக்கிறவன், எனக்குப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே வரிகள் தாராளமாக இருந்தன. கீழே வர வர நெருங்கி, கடைசி நாலு வரி மூச்சு முட்ட ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ரேகைக்குச் சரியாக மேலே வந்து நின்றன. முதலில் எழுதிப் பிறகு கை வைத்த தாள் அப்படி இருக்காது. இருக்கிற ரேகைக்கு மேலே கதையைத் திணித்தால்தான் அப்படி இருக்கும். கீழே 'செப்டம்பர் 4, திருவொற்றியூர்' என்று தேதி போட்டிருந்தான் மடையன். அன்று அவள் எங்கோ கடலூருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

"இத்த கோர்ட்டுல சொல்லு" என்றாள் சிலுவையம்மாள்.

"சொல்லிட்டா என் வேலை பூடும். வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்குறது வக்கீலுக்குத் தப்பு."

"எங்க வேலை பூட்ச்சே."

ஜெராக்ஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மேடமும் நானும் நேராகச் சீனியர் அறைக்குப் போனோம். மனிதர் பதறவே இல்லை. எங்களுக்குக் காபி சொன்னார். ஜூனியர் ஏதோ குழப்பிவிட்டான், கடிதங்கள் உங்கள் ஆபீசிலிருந்து வந்ததாகத்தான் தன்னிடம் சொன்னான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாருங்கம்மா. தேதி மட்டும் தப்புன்னு ஒரு மனு போட்டுக்கங்க, நான் எதிர்க்கல. அந்தப் பொம்பளைங்களுக்கும் கம்பெனிகிட்ட சொல்லி ஏதாவது பண்ணித் தர்றேன். ஆனா ரேகை அவங்களோடதுதானே? எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க இல்ல? வெத்துத் தாள் கதைய எடுத்தீங்கன்னா மொதல்ல போறது உங்க கோட்டு. உங்க குடும்பத்துல நீங்கதானே முதல் வக்கீல்? யோசிங்க."

அந்தக் கடைசி வரிதான். மேடத்தின் காதோரம் நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். காபியைத் தொடாமல் எழுந்து வந்தார்கள். ஹைகோர்ட்டுப் படியில் உட்கார்ந்து, போகிற வருகிற வக்கீல்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி வியாசர்பாடி பாஷையில் அவனையும் அவன் பரம்பரையையும் பத்து நிமிடம் வைதார்கள். பேமானி என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

பஸ்ஸில் வரும்போது நான் சொன்னேன். "மேடம், குமாஸ்தா பண்ணான்னு எழுதிடலாம். உங்களுக்குத் தெரியாம நான் வாங்குனேன்னு போடுங்க. எனக்கின்னா, இன்னொரு ஆபீஸ் கிடைக்கும்."

"இரக்கம் காட்டறியா பாய்? இந்த இரக்கம்தான் நம்பளை இங்க கொண்டாந்து நிறுத்தி வெச்சிருக்குது. அந்தப் பொம்பளைக்கு அலைச்சல் வாணாம்னு நான் இரக்கப்பட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினேதான் வெத்துத் தாளை நீட்டுனேன். எங்கப்பா காகிதத்தைப் படிக்காம பீடின்னு சொன்னானே, அவனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்? அவன் படிக்கல. நான் படிக்க ஒண்ணுமே வைக்கல."

ஆபீசுக்கு வந்ததும் டைப் மிஷினுக்கு முன்னால் என்னை உட்கார வைத்துப் பிரமாணப் பத்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இங்கிலீஷில்தான் சொன்னார்கள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான். மனுதாரர்கள் எந்தச் சமாதானத்துக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தாள்கள் எதுவும் எழுதப்படாத நிலையில், என் அலுவலகத்தில், என் முன்னிலையில், எனக்குத் தெரிந்தே பெறப்பட்டவை.

'எனக்குத் தெரிந்தே' என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது.

"அந்த ஒரு வார்த்தைய வுட்டுடலாமே மேடம். அது இல்லாமலே விஷயம் புரியுது."

"அது இல்லாட்டி பொய். அடி."

அடித்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் பக்கம் அடித்திருக்கிறேன். அந்த வரியில் ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை.

மனு எடுத்துக்கொள்ளப்பட்ட அன்று கோர்ட்டு அறை நிறைந்திருந்தது. வழக்கைப் பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பேர், ஒரு வக்கீல் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர். ஆலைத் தரப்பு வக்கீல் எழுந்து, ரேகைகள் உண்மையானவை என்று மனுதாரர்களே ஒப்புக்கொள்கிறார்கள், வெற்றுத் தாள் என்பது பிறகு கட்டிய கதை என்றார். நம் சீனியர் வரவில்லை. உடம்பு சரியில்லையாம்.

மேடம் மூலக் கடிதங்களைப் பார்க்கச் சொல்லி நீதிபதியைக் கேட்டார்கள். "ஒவ்வொரு ரேகைக்கும் அடியிலயும் பென்சில்ல ஒரு பெருக்கல் குறி இருக்கும் மை லார்ட். பதினாலு தாள்லயும் ஒரே உயரத்துல. அது என் குமாஸ்தா போட்டது. கடைசி நாலு வரி எப்படி நெருங்கி வருதுன்னும் பாருங்க."

நீதிபதி தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பதினான்கையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்றது உங்களுக்கே எதிரா இருக்குன்னு தெரியுதாம்மா?"

"தெரியுது மை லார்ட்."

"இந்தப் பிரமாணப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்க ஒரு வாய்ப்புத் தர்றேன்."

"வேணாம் மை லார்ட்."

வாபஸ் ரத்தானது. வழக்கு மறுபடி உயிர்பெற்றது, களத்துக்கு வேலி போடத் தடை மறுபடி வந்தது. அதே உத்தரவின் கடைசிப் பத்தியில், வெற்றுத் தாள்களில் ரேகை வாங்கிய வக்கீல்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் இருந்தது.

எடுத்தார்கள். ஒரு வருடம் எந்தக் கோர்ட்டிலும் நிற்கக் கூடாது, எந்த மனுவிலும் கையெழுத்துப் போடக் கூடாது. சீனியரிடம் விளக்கம் கேட்டார்கள். ஜூனியர் செய்தான் என்றார். ஜூனியரைக் கேட்டார்கள். காலடிப்பேட்டை ஆபீசிலிருந்து அடித்தே வந்தது என்றான். தாளை நான் நீட்டியதைப் பார்த்த சாட்சி யாரும் இல்லை. அவ்வளவுதான், அவர்கள் மேல் விசாரணை முடிந்தது. அடுத்த மாதமே அந்தப் பெரிய மனிதர் சுற்றுச்சூழல் நாள் கூட்டத்தில் மீனவர் உரிமையைப் பற்றி முழங்கியதைப் பேப்பரில் படித்தேன். பேப்பரைக் கிழித்தேன். கிழித்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு இதைவிட எரிச்சல் மூட்டியவர்கள் பக்கத்து ஆபீஸ்காரர்கள். அலமாரியைத் திறந்தால் வெற்றுத் தாள் கட்டுக்கட்டாக விழும். அவர்கள்தான் மேடத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தொழிலுக்கே அவமானம்" என்றார்கள். ஒருவன் டீக்கடையில் என் காதுபட, "எங்கேர்ந்து வந்தாங்களோ அந்தப் புத்திதானே வரும்" என்றான். டீயை அவன் வெள்ளைச் சட்டையில் ஊற்றினேன். அதற்கு மேடத்திடம் திட்டும் வாங்கினேன்.

அந்த ஒரு வருடமும் மேடம் ஆபீசுக்கு வராமல் இருந்ததில்லை. பெயர்ப்பலகையில் வக்கீல் என்ற வார்த்தைமேல் நான்தான் வெள்ளைக் காகிதம் ஒட்டினேன். மேடம் பக்கத்தில் நின்று, நேராக ஒட்டச் சொன்னார்கள். உள்ளே அலமாரியில் மற்ற வழக்குகளுக்காக நாங்கள் வாங்கி வைத்திருந்த வெற்றுத் தாள் எல்லாவற்றையும் எடுத்து, அந்தந்த ஆளைத் தேடிப் போய் அவரவர் கையிலேயே கொடுக்கச் சொன்னார்கள். மூன்று வாரம் சைக்கிளில் அலைந்தேன். பாதிப் பேருக்கு அது என்னவென்றே புரியவில்லை. அடுப்பில் போடு என்றேன்.

களம் பிழைத்தது. ரிட் இழுத்துக்கொண்டே போனது, வேறு ஒரு வக்கீல் நின்று அவகாசம் வாங்கிக்கொண்டிருந்தார். வழக்கு உயிரோடு இருந்ததால் உமிக்கம்பெனிக்கு அந்த வெளிநாட்டுச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஆனாலும் புகைபோக்கி நிற்கவில்லை. காற்று திரும்பினால் இப்போதும் நெத்திலிமேல் கறுப்பு விழுகிறது. குப்பத்துப் பெண்கள் யாரும் அந்த ஒரு வருடத்தில் ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வழியில் என்னைப் பார்த்தாலும் பேசவில்லை. அவர்கள் பக்கம் தப்பில்லை.

2008-ல் தண்டனைக் காலம் முடிந்த மறுநாள், பெயர்ப்பலகைக் காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது படியில் சத்தம் கேட்டது. சிலுவையம்மாள் முன்னால், அவளுக்குப் பின்னால் பதின்மூன்று பேர். தலையில் முடி வளர்ந்து கொண்டை போட்டிருந்தாள். இப்போதிருக்கும் வக்கீல் வாயே திறப்பதில்லை, வழக்கு இறுதி விசாரணைக்கு வருகிறது, நீதான் நிற்க வேண்டும் என்றாள். நலம் விசாரிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

மேடம் வக்காலத்தை எடுத்தார்கள்.

"படி" என்றாள் சிலுவையம்மாள்.

மேடம் படித்தார்கள். அச்சடித்த வாசகம் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, என்ன அர்த்தம் என்று விளக்கி, கடைசி எழுத்துவரை. 'எனக்காக ஆஜராகவும், சமாதானம் செய்துகொள்ளவும்' என்ற இடத்தில் சிலுவையம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அத்த அடி." மேடம் 'சமாதானம் செய்துகொள்ளவும்' என்பதைப் பேனாவால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பதினான்கு வக்காலத்திலும் அடித்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. நான் மை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

சிலுவையம்மாள் ரேகை வைக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். காலடிப்பேட்டைக் கடையில் வாங்கிய புது நீளத் தாள், நாலாக மடித்தது. அதைப் பிரித்து மேசைமேல் வைத்து நீவிவிட்டாள். ஒரு எழுத்து இல்லை. அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி மட்டும் கோணலாகப் போட்டிருந்தது.

"மொதல்ல நீ போடு" என்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "இன்னா சிலுவையம்மா இது? உனக்காக ஒரு வருஷம்—"

"பாய், நீ சும்மா இரு" என்றார்கள் மேடம்.

பேனாவை எடுத்து, அந்தக் குறியின்மேல் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். சிலுவையம்மாள் மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டி கீது?" என்று கேட்டாள்.

"பயமா கீது" என்றார்கள் மேடம்.

அவள் தலையை ஆட்டினாள். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தழும்பு விழுந்த கட்டை விரலை என் மை டப்பாவில் வைத்து, வக்காலத்தில் அழுத்தினாள்.

அந்தத் தாள் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. மேடம் இதுவரை திருப்பிக் கேட்கவில்லை.